ஒபாமாவின் வம்சாவளியில் பெயர் இல்லாதவர்கள்

அமெரிக்காவில் ஒருவர் பெரிய பதவிக்குப் போட்டியிட்டால் போதும், அவருடைய பாட்டன் பூட்டன் வரைக்கும் தோண்டி எடுத்துவிடுவார்கள். இது வேண்டாத வேலை, அவர் என்ன செய்கிறார் என்று பார்த்தால் போதாதா என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். நான் அவர்கள் கட்சி இல்லை. தோண்டட்டும், நன்றாகவே தோண்டட்டும். காதுக்கு இனிமையான ஒரு பெயர் கிடைத்ததும் பாதியில் நிறுத்திவிடுகிறார்களே, அதுதான் என் வருத்தம்.

பராக் ஒபாமாவை எடுத்துக்கொள்வோம். 2011 ஏப்ரல் 27 அன்று வெள்ளை மாளிகை அவருடைய முழுப் பிறப்புச் சான்றிதழை வெளியிட்டது. அவர் அமெரிக்காவில் பிறக்கவில்லை, கென்யாவில் பிறந்தவர் என்ற வதந்தி ஓயாததால், பதவியில் இருக்கும் ஜனாதிபதி, தான் இந்த நாட்டில்தான் பிறந்தேன் என்று காகிதத்தை எடுத்துக் காட்ட வேண்டிய நிலைமை. அவர் ஹவாயில் 1961 ஆகஸ்டு 4 அன்று பிறந்தவர். அந்த மாதமே ஹொனலுலுவின் இரண்டு நாளிதழ்களிலும் பிறப்புச் செய்தி வந்திருக்கிறது. அதெல்லாம் போதவில்லை. சான்றிதழ் எங்கே என்று கேட்டவர்களில் முன்வரிசையில் நின்றவர் டொனால்ட் டிரம்ப். டிரம்பின் தாய் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் பிறந்து 1930-ல் அமெரிக்கா வந்தவர். தந்தை வழித் தாத்தா ஜெர்மனியின் கால்ஷ்டாட் ஊர்க்காரர். ஆனால் அந்தக் குடும்பம் நெடுங்காலம் தங்களை ஸ்வீடனிலிருந்து வந்தவர்கள் என்றே சொல்லிக்கொண்டது. அவர்களை யாரும் காகிதம் காட்டச் சொல்லவில்லை.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. மே 23 அன்று அதே ஒபாமா அயர்லாந்தில் மணிகால் என்ற சிற்றூரில் இறங்கினார். சுமார் 300 பேர் வாழும் ஊர். தெரு முழுக்கக் கொடி, கையில் கின்னஸ் பீர், நம்ம ஊர்ப் பிள்ளை வந்துவிட்டான் என்று ஊரே கொண்டாடியது. இங்கே அந்நியன், அங்கே சொந்தக்காரன். இரண்டுக்கும் ஆதாரம் என்று எல்லோரும் தேடிப் போனது பழைய காகிதங்களைத்தான்.

மணிகால் தொடர்பு கிடைத்த விதம் அழகானது. ஒபாமாவின் அம்மா ஆன் டனம், கான்சாஸ் மாநிலத்து வெள்ளைக்காரப் பெண். ஆனுடைய அப்பா ஸ்டான்லி, அவருடைய அப்பா ரால்ஃப், ரால்ஃபின் தாய் மேரி ஆன் கியர்னி. இந்த மேரி ஆனின் தகப்பன் ஃபால்மத் கியர்னி. மெகன் ஸ்மொலென்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர் அமெரிக்கப் பதிவுகளிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போய் அவரை அடைந்தார். அங்கே அயர்லாந்தில் ஸ்டீபன் நீல் என்ற பாதிரியார் தன் பங்கின் பழைய பதிவேடுகளைப் புரட்டி, அந்தக் குடும்பத்தை மணிகாலில் அடையாளம் காட்டினார். செருப்புத் தைக்கும் ஜோசப்பின் மகன் ஃபால்மத். உருளைக்கிழங்குப் பஞ்சம் அயர்லாந்தைக் காலி செய்துகொண்டிருந்த 1850-ல், 19 வயதில் கப்பலேறி நியூயார்க்கில் இறங்கி, ஒஹாயோ போய், பிறகு இண்டியானாவில் நிலைத்தார். இப்போது மணிகால் பக்கத்தில் நெடுஞ்சாலையோர ஓய்வு நிலையம் ஒன்றுக்கே ஒபாமா பெயர்தான்.

மனதுக்கு நிறைவான கதைதான். பஞ்சத்தில் ஓடிய ஒரு தொழிலாளியின் பெயரை 160 வருடம் கழித்து ஒரு பதிவேடு காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. அப்புறம்? பெரும்பாலான செய்திகள் இங்கேயே முடிந்துவிட்டன.

நான்கு வருடம் முன்பே இன்னொரு காகிதம் வெளியே வந்திருந்தது. வில்லியம் ஆடம்ஸ் ரைட்வைஸ்னர், அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் வேலை பார்த்தவர், வேட்பாளர்களின் வம்சாவளியைத் தொகுப்பதை ஒரு தவம் போலச் செய்தவர். அவர் ஒபாமாவின் அம்மா வழியில் கென்டக்கிக்காரர் ஜார்ஜ் வாஷிங்டன் ஓவராலைக் கண்டுபிடித்தார். 2007-ல் பால்டிமோர் சன் நாளிதழ் அதை எழுதியது. 1850 கணக்கெடுப்பின்படி ஓவராலிடம் இரண்டு அடிமைகள் இருந்தார்கள். 15 வயதுப் பெண் ஒருத்தி, 25 வயது ஆண் ஒருவர். முதல் கறுப்பின ஜனாதிபதியாக வரப்போகிறவரின் முன்னோர் அடிமைகளை வைத்திருந்தார் என்று அன்று ஒரே பரபரப்பு.

எல்லோரும் ஓவராலைப் பற்றிப் பேசினார்கள். அந்தப் பெண் யார்?

தெரியாது. தெரிந்துகொள்ள வழியில்லாதபடிதான் அந்தப் படிவத்தையே தயாரித்தார்கள். 1850-ல்தான் அமெரிக்கா முதல்முறையாக ஒரு வீட்டில் உள்ள சுதந்திரக் குடிமக்கள் ஒவ்வொருவரின் பெயரையும் எழுதியது. கைக்குழந்தைக்குக்கூடப் பெயர் உண்டு. அடிமைகளுக்குத் தனிப் படிவம். இடது ஓரத்தில் உரிமையாளர் பெயர். அதற்கு நேரே வயது, பால், நிறம். தப்பி ஓடியவரா, காது கேளாதவரா, பார்வையற்றவரா என்று கேட்கவும் கட்டங்கள் உண்டு. பெயருக்குக் கட்டம் கிடையாது. ஒருவருக்கு ஒரு வரி, அதில் ஓர் எண்: 15, பெண், கறுப்பு. 1860-லும் இதே முறைதான். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் பெயரோடு கணக்கில் வந்தது 1870-ல். அதனால்தான் ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பங்களின் பூர்வீகத்தைத் தேடுகிறவர்கள் 1870-ல் வந்து சுவரில் முட்டிக்கொண்டது போல நிற்கிறார்கள். அந்தச் சுவருக்கு அப்பால் போக வேண்டுமென்றால் எஜமானனின் உயிலையும் கடன் பத்திரத்தையும் சொத்துக் கணக்கையும்தான் தேட வேண்டும். தன் முப்பாட்டியைத் தேடுகிற பிள்ளை, அவளை விற்றவன் வீட்டுக் காகிதங்களைப் படித்தாக வேண்டும். இந்த வேலை எவ்வளவு குரூரமானது என்று யோசித்துப் பாருங்கள்.

மிஷெல் ஒபாமாவின் குடும்பக் கதை அப்படித்தான் கிடைத்தது. அவர் தேர்தலில் நின்றவர் இல்லை, ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1850-ல் தென் கரோலினாவில் ஒரு முதியவர் உயில் எழுதுகிறார். கால்நடை, அரிவாள், நூல் ராட்டினம், மேஜை விரிப்பு என்று பங்கு பிரிக்கும் பட்டியலில் மெல்வினியா என்ற 6 வயதுச் சிறுமியும் இருக்கிறாள். கொஞ்ச காலம் கழித்து அவளுக்குப் போட்ட மதிப்பு 475 டாலர். பிறகு அவள் ஜார்ஜியாவுக்கு அனுப்பப்பட்டாள். பதின்வயதிலேயே அவளுக்கு ஒரு வெள்ளைக்காரன் மூலம் பிறந்த மகன் டால்ஃபஸ், அலபாமாவின் பர்மிங்ஹாமில் தச்சராக வாழ்ந்து 1950-ல் இறந்தார். மெல்வினியாவின் கொள்ளுப்பேரனின் பேத்திதான் வெள்ளை மாளிகையில் எட்டு வருடம் இருந்தவர். 2009-ல் நியூயார்க் டைம்ஸ் இதை வெளியிட்டபோது, உயிலில் மெல்வினியா பெயர் இருந்ததால் மட்டுமே இந்தக் கதை நமக்குக் கிடைத்திருக்கிறது என்பதுதான் என்னை உறுத்தியது. ஓவரால் வீட்டுப் பெண்ணுக்கு அதுகூட வாய்க்கவில்லை.

2012-ல் வம்சாவளி தேடித்தரும் ஆன்செஸ்ட்ரி டாட் காம் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சொன்னது இன்னும் பெரிய செய்தி. ஒபாமாவுக்கு அடிமைப்பட்ட முன்னோர் ஒருவர் இருந்திருக்க வாய்ப்பு அதிகம், அதுவும் வெள்ளைக்கார அம்மாவின் வழியில். அம்மா வழியில் பஞ்ச் என்ற குடும்பம் உண்டு. அந்தக் குடும்பத்து ஆண்களின் தந்தை வழி மரபணுவைச் சோதித்தபோது ஆப்பிரிக்க மூலம் தெரிந்தது. வர்ஜீனியாவின் பழைய பதிவுகள் நிறைய அழிந்துபோனவை, ஆகவே நேரடிச் சான்று இல்லை. இருக்கிற காகிதங்களையும் மரபணுவையும் சேர்த்து வைத்து அவர்கள் சுட்டிக்காட்டியவர் ஜான் பஞ்ச்.

அவர் வழக்கை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 1640-ல் வர்ஜீனியாவில் ஹ்யூ க்வின் என்பவரிடம் வேலை பார்த்த மூன்று பேர் மேரிலாந்துக்கு ஓடிவிட்டார்கள். ஒருவர் விக்டர், டச்சுக்காரர். ஒருவர் ஜேம்ஸ் கிரகரி, ஸ்காட்லாந்துக்காரர். மூன்றாமவர் ஜான் பஞ்ச், கறுப்பர். மூவரும் பிடிபட்டார்கள். மூவருக்கும் தலா 30 சவுக்கடி. பிறகு வெள்ளையர் இருவருக்கும் எஜமானனிடம் ஒரு வருடம், காலனிக்காக மூன்று வருடம், ஆக நான்கு வருடம் கூடுதல் உழைப்பு. ஜான் பஞ்சுக்கு ஆயுள் முழுக்க. ஒரே குற்றம், ஒரே ஓட்டம். ஆங்கிலேயரின் வட அமெரிக்கக் காலனிகளில் ஒருவரை வாழ்நாள் முழுக்க அடிமையாக்கியதற்குக் கிடைக்கும் மிகப் பழைய ஆவணங்களில் இது ஒன்று. வர்ஜீனியாவில் அடிமை முறையைச் சட்டமாக எழுதியதெல்லாம் பிறகுதான். தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்ற சட்டம் 1662-ல் வந்தது. பஞ்சின் பிள்ளையைப் பெற்றவள் வெள்ளைக்காரி என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதனால்தான் அந்த வழி சுதந்திரமாகப் பிழைத்து, நிலம் வாங்கி, தலைமுறைகள் போகப் போக வெள்ளையர் என்றே எண்ணப்பட்டுவிட்டது. அவளுடைய பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

ஒபாமாவின் அப்பா வழிக்கு வருவோம். அவர் கென்யாவின் லுவோ இனத்தவர். கென்யாவில் பாதிரியார் பதிவேடும் இல்லை, கணக்கெடுப்புப் படிவமும் இல்லை. லுவோ மக்கள் வம்சத்தை வாயால் சொல்லி வந்தவர்கள். ஒபாமா தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார்: கோகெலோ கிராமத்தில் பாட்டி சாரா அவருக்கு மகன், மகனுக்கு மகன் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே வருகிறார். நடுவில், இவர்களைப் பெற்ற பெண்களின் பெயர்கள் மறந்துபோய்விட்டன, எங்கள் வழக்கம் அப்படி என்றும் சொல்கிறார். எழுத்தில்தான் விடுபடுகிறது என்று நினைக்காதீர்கள். வாய்மொழியிலும் விடுபடும். கென்டக்கிப் படிவத்திலும் லுவோ மரபிலும் தொலைந்துபோனது பெண்ணின் பெயர்தான்.

அந்த வீட்டில் எழுத்தாகக் கிடைத்தது தாத்தா ஹுசேன் ஒன்யாங்கோவின் வேலைக்காரர் பதிவுப் புத்தகம். ஆங்கிலேயர்களிடம் சமையல் வேலை பார்த்தவர் அவர். புத்தகத்தில் உயரம், நிறம், மூக்கு, வாய் எல்லாம் குறித்திருக்கிறார்கள். பல் என்ற இடத்தில் ஆறு இல்லை என்று எழுதியிருக்கிறது. இன அடையாளக் குறிகள் என்ற இடத்தில் எதுவும் இல்லை. ஆண் பிள்ளை பருவத்துக்கு வரும்போது கீழ்வரிசையில் ஆறு பல்லை எடுப்பது லுவோ வழக்கம். அதிகாரி பார்த்தார், எண்ணினார், எழுதினார். எதைப் பார்க்கிறோம் என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை. பின்பக்கங்களில் எஜமானர்களின் குறிப்புகள். ஒருவர் பலகாரம் பிரமாதம் என்கிறார், இன்னொருவர் மாதம் 60 ஷில்லிங் கொடுக்க லாயக்கில்லை என்கிறார். ஒரு மனிதனைப் பற்றி மிஞ்சிய காகிதம் முழுக்க அவனை வேலைக்கு வைத்தவர்களின் கையெழுத்து.

நம் ஊர்க் கதையும் ஒன்று இதில் உண்டு. கமலா ஹாரிஸ் போட்டியிட்டபோது நம் ஊடகங்கள் எல்லாம் துளசேந்திரபுரத்துக்குப் போயின. தாத்தா பி.வி. கோபாலனின் ஊர், தர்மசாஸ்தா கோயில், நன்கொடையாளர் கல்வெட்டில் அவர் பெயர், வெற்றி வேண்டிச் செய்த அபிஷேகம். எனக்கும் அதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஜமைக்காவின் பிரவுன்ஸ் டவுனைப் பற்றி நம்மில் எத்தனை பேர் எழுதினோம்? அவருடைய தந்தை, பொருளாதாரப் பேராசிரியர் டொனால்ட் ஹாரிஸ், தன் பாட்டி கிறிஸ்டியானா பிரவுன் தோட்ட முதலாளியும் அடிமைகளின் உடைமையாளருமான ஹாமில்டன் பிரவுனின் வழி வந்தவர் என்று தானே எழுதியிருக்கிறார். அந்த ஊரே ஹாமில்டன் பிரவுன் பெயரால் வந்தது. கமலாவை எதிர்த்தவர்கள் இதை எடுத்து அவரை அடிக்கப் பயன்படுத்தினார்கள். ஆதரித்தவர்கள் கண்டும் காணாமல் கடந்துபோனார்கள். ஹாமில்டன் பிரவுனிடம் உழைத்தவர்களைப் பற்றி இரண்டு பக்கமும் பேச்சில்லை.

2023-ல் ராய்ட்டர்ஸ் இந்த வேலையை முறையாகச் செய்தது. முந்தைய காங்கிரஸின் 536 உறுப்பினர்களில் குறைந்தது 100 பேர் அடிமை உடைமையாளர்களின் நேரடி வாரிசுகள் என்று ஆவணங்களோடு காட்டியது. அப்போது உயிரோடிருந்த ஜனாதிபதிகளில் டிரம்பைத் தவிர எல்லோரும் அந்தப் பட்டியலில் உண்டு, ஒபாமா உட்பட. பெரும்பாலோர் பேச முன்வரவில்லை. எனக்கு அதுதான் கோபம். கொள்ளுத்தாத்தாவின் தகப்பன் செய்ததற்கு இவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றச் சொல்லவில்லை. சட்டம் போடுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறவர், தன் குடும்பச் சொத்துப் பட்டியலில் எண்ணாக இருந்த மனிதர்களைப் பற்றி நாலு வார்த்தை பேசக்கூடாதா? அந்த மனிதர்களின் வாரிசுகளும் இன்று அதே தொகுதியில் வாக்காளர்களாக இருக்கக்கூடும்.

தேடுகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. அமெரிக்காவில் கணக்கெடுப்புத் தாள்களை 72 வருடம் பூட்டி வைத்துத்தான் வெளியிடுவார்கள். 1950-ஐ 2022-ல் திறந்தார்கள். 1960 வருவது 2032-ல். அதில் 17 வயது ஆன் டனம் வாஷிங்டன் மாநிலத்தில் பெற்றோரோடு இருப்பார், ஒபாமா அப்போது பிறக்கவில்லை. 1970 தாள்கள் 2042-ல் வரும். அந்தக் கணக்கெடுப்பின்போது சிறுவன் ஒபாமா அம்மாவோடு ஜகார்த்தாவில் இருந்தான். அவன் பெயரை அங்கே தேடிப் பார்த்துவிட்டு, பார்த்தீர்களா, இல்லை என்று சொல்ல அப்போதும் யாராவது வருவார்கள். அவர்களிடம் 1850 படிவத்தையும் கூடவே காட்டுங்கள்.