அந்த வீடியோவை அழித்துவிடுங்கள், அண்ணாச்சி

மன்ற ஆண்டு விழாவில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நடந்தது இதைப் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். மும்பை தாராவித் தமிழர்களின் வாட்ஸப் குழுக்களில் அந்த வீடியோ சுற்றாத இடம் இல்லை. அதனால் முழுக் கதையையும் திரும்பச் சொல்லவில்லை: பந்தலுக்குப் பின்னால் புகையிலை தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பையனை அண்ணாச்சி மேடையேற்றி, கற்பூரம் கொளுத்தி, இனிமேல் தொடமாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சத்தியம் வாங்கினார். மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று எங்கள் சொந்தக்காரர்கள் குழுவிலேயே ஒருவர் அதைப் போட்டு, "இப்படித்தான் திருத்தணும்" என்று எழுதிக் கைதட்டுகிற பொம்மையும் வைத்திருந்தார். அதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். புகையிலை போடுகிறவனை நாலு பேர் முன்னால் நிறுத்தி அவமானப்படுத்தினால் அவன் விடமாட்டான், ஒளிப்பான். அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள மேடையும் மைக்கும் வேண்டாம், எங்கள் வீட்டுக்கு வந்து சுவரில் மாட்டியிருக்கும் என் அண்ணன் படத்தைப் பார்த்தால் போதும்.

அந்த வீடியோவை நீங்கள் எத்தனை பேர் முழுசாகப் பார்த்தீர்களோ தெரியாது. நான் பார்த்தேன். பையனின் சட்டைப் பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து மைக் பக்கத்தில் தூக்கிக் காட்டுகிறார்கள். சிரிப்பு. தட்டில் கற்பூரம் எரிகிறது, "அம்மா மேல சத்தியம்னு சொல்லு" என்று ஒரு குரல். மறுபடி சிரிப்பு. கேமரா திரும்பும்போது மூன்றாவது வரிசையில் அவன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். யார் அதைப் பார்த்தீர்கள்?

இன்னொன்றும் பார்த்தேன். தூக்கிக் காட்டினார்களே, அந்தப் பாக்கெட்டில் புற்றுநோய்ப் படத்துக்குக் கீழே ஒரு எண் அச்சடித்திருக்கும். 1800-11-2356. விட நினைக்கிறவர்கள் கூப்பிடுவதற்கான இலவச எண். 2016-ல் அரசாங்கம் ஆரம்பித்தது, 2018-லிருந்து புகையிலைப் பாக்கெட்டுகளிலேயே போடுகிறார்கள். தமிழிலும் பேசுகிறார்கள். மேடையில் அத்தனை பெரியவர்கள் இருந்தும் ஒருவர்கூட பாக்கெட்டைத் திருப்பி அதைப் படிக்கவில்லை. குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுக் கைதட்டினார்கள்.

நான் 15 வருஷம் கைனி, அதாவது சுண்ணாம்பு சேர்த்துத் தேய்க்கிற புகையிலை, போட்டவன். இதை இங்கே இதுவரை எழுதியதில்லை. 2003-ல், 19 வயதில், தோல் பட்டறையில் ராத்திரி வேலைக்குப் போனபோது ஆரம்பித்தது. தூக்கம் வராது, பசி தெரியாது என்று பக்கத்தில் வேலை செய்தவர் கொடுத்தார். இடது உள்ளங்கையில் கொஞ்சம் தம்பாக்கு, நகத்தால் கிள்ளிய சுண்ணாம்பு, வலது பெருவிரலால் தேய்த்துத் தேய்த்து, இரண்டு தட்டு தட்டித் தூசியைப் பறக்கவிட்டு, கீழ் உதட்டுக்குள் ஒதுக்க வேண்டும். முதல் நாள் தலை சுற்றி வாந்தி எடுத்தேன். ஒரு மாசத்தில் அது இல்லாமல் கைவேலை ஓடவில்லை. சுண்ணாம்பு ருசிக்கு இல்லை என்பதும், அதன் காரத்தன்மைதான் நிக்கோட்டினைப் பிரித்து வாய்த்தோல் வழியாக ரத்தத்துக்குள் சீக்கிரம் அனுப்புகிறது என்பதும் பின்னால்தான் தெரிந்தது. உடம்பு அதைக் கேட்க ஆரம்பித்த பிறகு அது வெறும் கெட்ட பழக்கம் இல்லை, நோய். நோயாளியை மேடையேற்றிச் சத்தியம் வாங்குவீர்களா? சர்க்கரைக்காரரை நிறுத்தி, "இனிமேல் சர்க்கரை ஏறாது என்று உன் அம்மா மேல் சத்தியம் பண்ணு" என்பீர்களா?

"மனசு வச்சா முடியும், எங்களால முடியலையா?" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். ஒரே நாளில் விட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கும்பிடுகிறேன். ஆனால் எல்லாருக்கும் ஒரே உடம்பு இல்லை. என் அண்ணனுக்கு இல்லாத மனசா?

அண்ணன் 2013 வைகாசியில் ஊருக்குப் போனபோது திருச்செந்தூரில் கடலில் முங்கி எழுந்து, ஈர வேட்டியோடு, அம்மாவின் கையைப் பிடித்துச் சத்தியம் பண்ணினான். சித்தப்பா, மாமா, மதினி, பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நின்றோம். மனசாரத்தான் பண்ணினான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 11 நாள் தாங்கினான். பன்னிரண்டாவது நாள் திரும்பவும் தேய்த்தான். வீட்டில் சொல்ல முடியுமா? முருகன் முன்னால் அம்மா கையைப் பிடித்துச் சொன்ன வார்த்தை. அதனால் கக்கூசில் போட்டான், சரக்கு ஏற்றுகிற வண்டிக்குப் பின்னால் போட்டான், வீட்டுக்கு வருமுன் ஏலக்காய் மென்றான்.

மறு வருஷம் இடது கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு தடிப்பு வந்தது. அப்புறம் புண். அதைக் காட்ட வேண்டுமென்றால் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் காட்டவில்லை. எட்டு மாசம் காட்டவில்லை. மதினிதான் கண்டுபிடித்தாள், அதுவும் எப்படி? மிளகாய் இல்லாத ரசம் கேட்கிறான், வடையைப் பிய்த்துப் பிய்த்துத் தின்கிறான், கொட்டாவி விடும்போது கன்னத்தைப் பிடிக்கிறான் என்று. மூன்று விரலை நெட்டுக்குத்தாக அடுக்கி வாய்க்குள் வைக்கச் சொல்வார்கள் இல்லையா, அவனுக்கு ஒன்றரை விரல்தான் போனது. தெருமுனை டாக்டர் ஒருவர் டார்ச்சுகூட அடிக்காமல் பி காம்ப்ளக்ஸ் மாத்திரை கொடுத்தார். அதில் இன்னும் ஒன்றரை மாசம் போனது. பரேலில் டாடா மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது புற்றுநோய் நாலாவது கட்டம்.

கன்னத்தையும் தாடையில் பாதியையும் எடுத்தார்கள். நெஞ்சிலிருந்து சதையை எடுத்து அந்த ஓட்டையை அடைத்தார்கள். நெஞ்சுச் சதை என்பதால் கொஞ்ச நாளில் வாய்க்குள் முடி முளைத்தது. மதினி சின்னக் கத்தரியை வெந்நீரில் போட்டு எடுத்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு அதை வெட்டிவிடுவாள். நான் அதைப் பார்த்திருக்கிறேன். மூக்கில் குழாய், அதில் கஞ்சி. 2016-ல் போய்விட்டான். 39 வயது.

இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, காரம் பட்டால் எரிச்சல், வாய் முழுசாகத் திறக்காமல் போவது. இதில் எது இருந்தாலும் உடனே காட்ட வேண்டும், சின்னதாக இருக்கும்போது பிடித்தால் பிழைக்க வழி அதிகம். எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் வாயைத் திறந்து காட்டினால்தானே? நீங்கள் அந்தப் பையனை இனி யாரிடமும் வாயைத் திறக்காதபடி பண்ணிவிட்டீர்கள். அவனுக்கு நாளைக்கு ஒரு புண் வந்தால் யாரிடம் காட்டுவான்? அம்மாவிடமா? அம்மா மேல்தானே சத்தியம் வாங்கியிருக்கிறீர்கள்!

"பொது இடத்தில் துப்புகிறார்களே, அதுக்கு என்ன சொல்ற?" என்று கேட்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ரயிலிலும் மாடிப்படி மூலையிலும் துப்பி வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கும் குமட்டுகிறது. அபராதம் போடுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் அந்தப் பையன் அன்று எங்கேயும் துப்பவில்லை. பந்தலுக்குப் பின்னால் நின்று கையில் தேய்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான் குற்றம்.

"என் தாத்தா கடைசி வரைக்கும் போயிலை போட்டார், 86 வயசு இருந்தார்." இருந்திருப்பார். சாலையைப் பார்க்காமல் கடந்து வீடு வந்து சேர்ந்தவர்களும் உண்டு.

"புகை இல்லையே, சிகரெட் மாதிரி இல்லையே" என்றும், "வெறும் பாக்குதானே" என்றும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வாயில் போடும் புகையிலையை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வகையில், அதாவது மனிதனுக்குப் புற்றுநோய் வரவழைப்பது உறுதி என்கிற வகையில் வைத்திருக்கிறது. வாய் மட்டும் இல்லை, உணவுக்குழாயும் கணையமும் சேர்த்தி. புகையிலை கலக்காத பாக்கும் அதே வகைதான். வாய் திறக்காமல் இறுகிப்போவதற்கு முக்கியக் காரணமே பாக்கு.

"சட்டம் இருக்கு, தடை இருக்கு" என்பவர்களுக்கு: மகாராஷ்டிராவில் 2012-லேயே குட்காவை, அதாவது பாக்கும் புகையிலையும் கலந்து விற்பதை, தடை செய்தாயிற்று. அப்புறம் என்ன ஆனது? பான் மசாலா ஒரு பாக்கெட், புகையிலை ஒரு பாக்கெட், வாங்குகிறவன் இரண்டையும் கலந்துகொள்கிறான். பள்ளிக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது என்று 2003 சட்டம் சொல்கிறது. நமது பந்தலுக்கு எதிரே, பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி இருக்கிற பான் கடையில் சரம் சரமாகத் தொங்குகிறது. விழாவுக்கு அந்தக் கடைக்காரரிடமும் நன்கொடை வாங்கினோம், நானேதான் ரசீது எழுதினேன். விற்கிறவருக்கு ரசீது, வாங்குகிறவனுக்குக் கற்பூரம். இதை யாராவது நியாயம் என்று எனக்கு விளக்குங்கள்.

நாட்டில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வாயில் போடும் புகையிலை பழக்கம் இருக்கிறது. 2016-17-ல் எடுத்த கணக்கில் 21.4 சதவீதம். பெண்களில் மட்டும் 12.8. நமது சாலில், அதாவது நம் வரிசை வீடுகளில், காலையில் மிஸ்ரி என்கிற வறுத்த புகையிலைத் தூளால் பல் தேய்க்கிற மராட்டிக்கார அக்காக்களைத் தெரியும்தானே? சாப்பிட்டு முடித்து வெற்றிலையோடு ஒரு துண்டு போயிலை வைக்கிற நம் வீட்டு ஆச்சிகளைத் தெரியும்தானே? அவர்களை எந்த மேடையில் ஏற்றப் போகிறோம்? திருச்செந்தூரில் அண்ணன் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியபோது என் அம்மாவின் கடைவாயில் போயிலை இருந்தது. அம்மாவைக் குறை சொல்லவில்லை. அவளுக்கு அது பழக்கம் என்றே யாரும் சொல்லித் தந்ததில்லை, பல்வலிக்கு மருந்து என்றுதான் அவள் அம்மா கொடுத்தாள்.

"கண் முன்னால் ஒரு சாவைப் பார்த்தால் தானா விட்டுருவான்" என்கிறார்கள். இல்லை. அண்ணனைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த அன்று சாயங்காலமே நான் தேய்த்தேன். அதற்கப்புறமும் இரண்டு வருஷத்துக்கு மேல் போட்டேன். பயம் இருந்தது, வெட்கம் இருந்தது, எல்லாம் இருந்தது. பயம் வந்தால் கை தானாக டப்பாவைத்தான் தேடும்.

2018 கடைசியில் பாக்கெட்டில் அந்த எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டேன். எடுத்த பெண் என்னைத் திட்டவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை, காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் தடவை, எந்த நேரத்தில் ரொம்பத் தேடுகிறது என்று கேட்டாள். விடுகிற தேதியை என்னையே குறிக்கச் சொன்னாள். டாக்டரைப் பார்த்து நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கினேன். அதை மென்றுகொண்டே இருக்கக் கூடாது, சுருக்கென்று காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கிவைத்து, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். முதல் மூன்று நாள் நரகம். தலை பாரம், பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன், தூக்கம் இல்லை. ஆனால் ஒவ்வொரு தவிப்பும் சில நிமிடம்தான், அதைத் தாண்டிவிட்டால் அடங்கும். பையில் பொட்டுக்கடலையும் கிராம்பும் வைத்திருந்தேன். பதினாறாவது நாள் ஒரு கல்யாண வீட்டில் தவறிவிட்டேன். மறுபடி கூப்பிட்டபோது, "பரவாயில்லைங்க, பதினஞ்சு நாள் இருந்தீங்களே, இன்னைக்கு மறுபடி ஆரம்பிங்க" என்றாள். போனை வைத்துவிட்டு அழுதேன். அண்ணனிடம் பன்னிரண்டாவது நாள் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் என்று.

யாராவது என்று எழுதுகிறேன். நான்தான் சொல்லியிருக்க வேண்டும். அவன் திரும்பப் போட ஆரம்பித்தது எனக்குத் தெரியும். வண்டிக்குப் பின்னால் என் சுண்ணாம்பைத்தான் வாங்குவான். கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்ததையும் பார்த்தேன். என்னவென்று கேட்கவில்லை. கேட்டால் பேச்சு வீட்டுக்குப் போகும், என் டப்பாவும் வெளியே வரும். அவனைப் போலவே நானும் ஒளித்துக்கொண்டிருந்தேன்.

"நீ போட்டவன், அதனால்தான் அவனுக்குப் பரிந்துகொண்டு வருகிறாய்" என்று எழுதப் போகிறீர்கள். ஆமாம், அதனால்தான் வருகிறேன்.

அண்ணாச்சி, உங்கள் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. அண்ணன் படுத்திருந்தபோது ரத்தம் கொடுக்க நாலு பையன்களைக் கூட்டிக்கொண்டு பரேலுக்கு வந்தவர் நீங்கள். நல்லது நினைத்துத்தான் அன்று மேடையில் செய்தீர்கள் என்பதும் தெரியும். அந்த வீடியோவை முதலில் குழுவிலிருந்து அழித்துவிடுங்கள். மற்றவர்களும் அழிக்கச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

நேற்று ராத்திரி அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வேலைக்குப் போகவில்லை. முதலில் பேசவில்லை. என் கதையைச் சொன்னேன், கீழ் உதட்டைப் பிதுக்கி, 15 வருஷம் கைனி வைத்த இடத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து அவனும் லைட்டுப் பக்கம் திரும்பி வாயைத் திறந்தான். வலது பக்கம் கீழே வெள்ளையாக ஒரு திட்டு, பொட்டுக்கடலை அளவு. எத்தனை நாளாக என்று கேட்டேன். தீபாவளியிலிருந்து என்றான். வெள்ளிக்கிழமை காலையில் பல் டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். எட்டரைக்குக் கீழே வந்து நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறான்.