வாசனை மாறினால் சென்ட் போலியா?

"பழைய பாணி சென்ட் அடித்த அரை மணி நேரத்தில் வாசனை மாறிவிட்டால் அது போலி, ஒரிஜினல் கடைசி வரை ஒரே மாதிரிதான் மணக்கும்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. அந்தப் பாணி சென்ட்டுகள் மாறுவதற்காகவே செய்யப்பட்டவை.

குப்பிக்குள் இருக்கும் மணப்பொருள்கள் எல்லாம் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. எலுமிச்சை, பெர்கமாட் (எலுமிச்சை இனப் பழம் ஒன்று) போன்ற லேசானவை தோலின் சூட்டில் சீக்கிரமே பறந்துவிடும், பிறகு ரோஜா, மல்லிகை மேலே வரும், கடைசியில் சந்தனம், வெனிலா மாதிரி கனமானவை மட்டும் மணிக்கணக்கில் தோலோடு ஒட்டிக்கிடக்கும். 1925-ல் வந்த, கெர்லேன் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் ஷாலிமார் சென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: முதலில் பெர்கமாட்டின் பளிச்சென்ற புளிப்பு, அப்புறம் மெதுவாக, ரொம்ப மெதுவாக, வெனிலாவின் இதமான இனிப்பு. எனக்கு அந்தக் கடைசிக் கட்டம்தான் உயிர்! அதைப் போலி என்று சொல்லித் தூக்கி எறிகிறார்களே என்றுதான் வருத்தமாக இருக்கிறது.

சரி, நிஜமாகவே சந்தேகம் வந்தால்? குப்பியிலும் அட்டைப்பெட்டியிலும் பேட்ச் எண் (எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் எண்) ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வாசனையை எடைபோட, சென்ட் தெளித்த காகிதத் துண்டை மோந்ததோடு நிறுத்தாமல், மணிக்கட்டில் அடித்து இரண்டு மூன்று மணி நேரம் விட்டுப் பாருங்கள்.