பொது இடத்தில் எடுத்த படம் பொதுச்சொத்து ஆகிவிடாது
“தெருவில் எடுத்த படம்தானே, அவருக்கு ஏது அந்தரங்க உரிமை? எச்சரிக்கையாகப் பகிர்வதில் தவறில்லை” என்று, முன்பின் தெரியாத ஒருவரின் படத்தைப் ‘பிள்ளை பிடிப்பவர்’ எனக் குறிப்பிட்டு நண்பர் எழுதியிருப்பது சரியன்று. அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றம் அறிவித்த புட்டசாமி தீர்ப்பிலேயே, பொது இடத்தில் இருப்பதால் மட்டும் ஒருவர் அந்த உரிமையை இழப்பதில்லை என்று எழுதப்பட்டிருக்கிறது.

சட்டத்தைவிட என்னை உறுத்துவது ‘எச்சரிக்கை’ என்ற சொல். 2018 மே மாதத்தில், இதே ‘பிள்ளை பிடிப்பவர்’ வதந்தி வாட்ஸ்அப்பில் பரவியிருந்த வேளையில், குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் போளூர் அருகே குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த மூதாட்டி ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். அவரை அடித்த காணொளியையும் பகிர்ந்தார்கள். உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் படத்தைக் காவல் நிலையத்தில் கொடுங்கள். முகம் தெளிவாகத் தெரியும் இந்தப் பதிவைத் தயவுசெய்து இப்போதே நீக்குங்கள்.