ரயில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தால் பதில் எழுதுங்கள்

எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு தம்பி வாடகைக்கு இருக்கிறான். மேற்படிப்புக்காக இங்கிலாந்து வந்தவன். போன குளிர்காலத்தில் ஒரு ராத்திரி, நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு கவர். "அக்கா, அப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாது" என்றான். வேறு எதுவும் சொல்ல வரவில்லை அவனுக்கு.

கடிதத்தின் தேதியைப் பார்த்தேன். பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. பதில் அனுப்ப இன்னும் இரண்டே நாள்தான். அத்தனை நாளும் அதை லேப்டாப் பைக்குள் வைத்துக்கொண்டு வகுப்புக்கும் வேலைக்கும் போய் வந்திருக்கிறான். மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது.

நடந்தது இதுதான். அவன் ஏறும் ஸ்டேஷனில் டிக்கெட்டைக் காட்டினால் மட்டும் திறக்கும் தானியங்கிக் கதவு கிடையாது. இறங்கும் ஊருக்கு இரண்டு ஸ்டேஷன் முன்னாலிருந்து மட்டும் போனில் டிக்கெட் எடுத்துவிட்டுப் பயணம் செய்திருக்கிறான். நடுவழியில் பரிசோதகர் வந்து கேட்டார். 'நீங்கள் சொல்வது பின்னால் சாட்சியமாகலாம்' என்று முறைப்படி எச்சரித்துவிட்டு, கேள்வியும் பதிலுமாக எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கியிருக்கிறார். அதோடு முடிந்தது என்று இவன் நினைத்திருக்கிறான்.

நம் பிள்ளைகள் பலரும் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். ரயிலிலேயே போடும் பெனால்டி ஃபேர் என்ற தண்டக் கட்டணம் வேறு. இங்கிலாந்தில் 2023 ஜனவரியிலிருந்து அது 100 பவுண்டும் பயணக் கட்டணமும். 21 நாளுக்குள் கட்டினால் 100 பவுண்டு 50 ஆகிவிடும். நியாயமில்லை என்று தோன்றினால் மேல்முறையீடும் செய்யலாம். வீட்டுக்கு வரும் இந்தக் கடிதம் அந்த ரகம் இல்லை. 'உங்கள் மேல் வழக்குப் போடலாமா என்று பார்க்கிறோம், உங்கள் தரப்பைச் சொல்லுங்கள்' என்பதுதான் அதன் சாரம். இன்னும் கேஸ் இல்லை, தீர்ப்பும் இல்லை. ஆனால் பதில் வராவிட்டால் அடுத்த கவர் நீதிமன்றத்திலிருந்து வரலாம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்: வெட்கப்பட்டுக்கொண்டு அந்தக் கடிதத்தை ஒளித்து வைக்காதீர்கள்.

கடிதத்தில் எந்தச் சட்டம் என்று ஒரு வரி இருக்கும். அதை இரண்டு தடவை படியுங்கள். 'ரயில்வே பைலா 18' (பைலா என்றால் ரயில்வேயின் துணை விதி) என்றிருந்தால், செல்லுபடியாகும் டிக்கெட் இல்லாமல் இருந்ததே குற்றம். ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்ற கேள்வியே வராது. டிக்கெட் எடுக்க அந்த ஸ்டேஷனில் வழியே இல்லை என்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. '1889 ரயில்வே ஒழுங்குமுறைச் சட்டம், 5வது பிரிவு' என்றிருந்தால் விஷயம் கனமானது. கட்டணத்தைத் தவிர்க்க வேண்டும் என்ற எண்ணத்தோடு பயணம் செய்தாய் என்பது அதன் பொருள். இரண்டிலும் அபராதம் 1,000 பவுண்டு வரை போகலாம். இரண்டாவதில் சிறைக்கும் இடம் இருக்கிறது. அபராதத்தின் மேல் சர்சார்ஜ் என்ற கூடுதல் தொகை, வழக்குச் செலவு, கட்டாத கட்டணம் எல்லாம் தனி.

பணத்தை விட எனக்குப் பயமாக இருப்பது குற்றப் பதிவு. தம்பி படித்து முடித்து விசா மாற்ற வேண்டும். அந்தப் படிவத்தில் குற்றத் தீர்ப்பு ஏதாவது உண்டா என்று கேட்பார்கள். நர்ஸாகவோ ஆசிரியராகவோ கணக்காளராகவோ ஆகப் போகிறவர்களிடம் இன்னும் ஆழமாகத் துருவுவார்கள். சில பவுண்டு டிக்கெட்டுக்காக இத்தனையும் ஆட்டம் காண வேண்டுமா?

சரி, பதில் எப்படி எழுதினோம்? முதலில் அவனையே எழுதச் சொன்னேன். நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். வீட்டுக் கடன், அம்மாவின் உடம்பு, பரீட்சை எல்லாம் அதில் இருந்தது. 'இதுதான் முதல் தடவை' என்ற வரியும் இருந்தது. "நிஜமாகவா தம்பி?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். மூன்று தடவை.

அந்த வரிதான் ஆளைக் கவிழ்க்கும். போனில் வாங்கிய டிக்கெட்டின் வரலாறு முழுக்க விற்றவர்களிடம் இருக்கிறது. ரயில் நிறுவனங்கள் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கின்றன. ஒரே மாதிரி குட்டி டிக்கெட் திரும்பத் திரும்ப வாங்கியிருந்தால் பளிச்சென்று தெரிந்துவிடும். பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் அதன் பிறகு சமரசம் பேச யார் முன்வருவார்கள்? பொய்ப் பெயரோ பொய் முகவரியோ கொடுப்பது அதே 1889 சட்டத்தில் தனிக் குற்றம். 'தப்பான அட்ரஸ் கொடுத்துவிட்டு வந்துவிடு' என்று வாட்ஸப்பில் யோசனை சொல்லும் அண்ணன்மார்களே, தயவுசெய்து நிறுத்துங்கள். நீங்கள் சொல்வதை நம்பும் பையனுக்கு இருபத்திரண்டு வயது.

கடைசியில் ஒரே பக்கமாகச் சுருக்கினோம். கடிதத்தின் குறிப்பு எண், பயண நாள். என்ன செய்தேன், எத்தனை தடவை. மன்னிப்பு, ஒரே ஒரு வரியில். இனி முழுப் பயணத்துக்கும் டிக்கெட் எடுப்பேன்; அதற்காக மாதச் சீட்டு வாங்கியிருக்கிறேன், நகல் இணைத்திருக்கிறேன். தீர்ப்பு வந்தால் என் படிப்பும் விசாவும் எப்படிப் பாதிக்கும் என்று இரண்டு வரி. அப்புறம் முக்கியமான வேண்டுகோள்: 'கட்டாத கட்டணம் முழுவதையும், உங்களுக்கு ஆன நிர்வாகச் செலவையும் உடனே கட்டுகிறேன், நீதிமன்றத்துக்குப் போகாமல் இதைத் தீர்த்துக்கொள்ள அனுமதியுங்கள்.' பரிசோதகரைப் பற்றி ஒரு குறையும் எழுதவில்லை. மின்னஞ்சலில் அனுப்பி, தபாலிலும் பதிவு செய்து அனுப்பினோம்.

நிஜமாகவே தப்பு செய்யாதவர்கள் இப்படி எழுதக் கூடாது. மெஷின் வேலை செய்யவில்லை, ஊழியரே ஏறச் சொன்னார் என்றால் அதைத்தான் ஆதாரத்தோடு சொல்ல வேண்டும். பயந்துபோய் செய்யாததை ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த மாதிரி நேரத்தில் ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

"அக்கா, இது லஞ்சம் மாதிரி இல்லையா?" என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. லஞ்சம் இல்லை. வழக்குப் போடுவதா வேண்டாமா என்பது நிறுவனத்தின் முடிவு. தொகையை அவர்களே எழுத்தில் சொல்கிறார்கள், ரசீது தருகிறார்கள். ஆனால் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்குக் கிடையாது. எனக்கு உறுத்துவது வேறொன்று: கையில் காசு இருப்பவருக்குப் பதிவு இல்லை, இல்லாதவருக்கு நீதிமன்றம். மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் தவணை கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தப்பில்லை. நிறுவனங்களும் அதை மறுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அவர்கள் செய்வதெல்லாம் சரி என்றும் நான் சொல்லவில்லை. 2024 ஆகஸ்டில் தலைமை மாஜிஸ்திரேட் பால் கோல்ட்ஸ்பிரிங் ஒரு தீர்ப்பு சொன்னார். ஒரே நீதிபதி, பூட்டிய அறையில், காகிதத்தை மட்டும் பார்த்து முடிக்கும் 'சிங்கிள் ஜஸ்டிஸ்' முறையில் 1889 சட்ட வழக்குகளை நடத்த ரயில் நிறுவனங்களுக்கு அதிகாரமே இல்லை, நடத்தியவை செல்லாது. அந்த முறையில் பைலா வழக்குகளை மட்டும்தான் நடத்தலாம். இதனால் சுமார் 74,000 வழக்குகள் ரத்தாகும் நிலை வந்தது. அத்தனை பேரில் எத்தனை பேர் கடிதத்தைப் பார்த்துப் பயந்து வாயை மூடிக்கொண்டவர்களோ என்று அன்றைக்கு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

நீதிமன்ற நோட்டீஸே வந்துவிட்டாலும் கதவு முழுக்க மூடிவிடவில்லை. அந்த ஒரே நீதிபதி முறையில் வரும் நோட்டீஸுக்குப் பதில் சொல்ல 21 நாள் உண்டு. அதற்குள் நிறுவனத்துக்கு எழுதிச் சமரசம் கேட்கலாம். ஆனால் நீதிமன்றப் படிவத்தையும் நாளுக்குள் அனுப்பியே ஆக வேண்டும். வீடு மாறியதால் நோட்டீஸ் கைக்கே வராமல் தீர்ப்பாகிவிட்டது என்றால், தெரிந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் நீதிமன்றத்தில் உறுதிமொழி கொடுத்து வழக்கை மறுபடி முதலிலிருந்து நடத்தச் சொல்லலாம். இந்தக் கணக்கெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும்தான். ஸ்காட்லாந்தில் நடைமுறை வேறு.

தம்பிக்கு ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. மூன்று பயணத்தின் கட்டணமும் செலவுமாக 238 பவுண்டு. பதினான்கு நாளுக்குள் கட்டினால் வழக்கு இல்லை. அன்றைக்கே கட்டினான். 'விஷயம் முடிந்தது' என்று எழுத்தில் வாங்கி, ரசீதோடு சேர்த்து பாஸ்போர்ட் ஃபைலிலேயே வைக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த வாரக் கடைசியில் அப்பாவிடமும் அவனே சொல்லிவிட்டான். அவர் திட்டவில்லையாம். "இத்தனை நாள் தனியாகவா வைத்திருந்தாய்?" என்று மட்டும் கேட்டாராம்.

இந்த மாதிரி கடிதம் வந்து, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இருப்பவர்கள் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டு, தேதியும் சட்டப் பிரிவும் இருக்கும் பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பினால் போதும். ராத்திரி ஒன்பதுக்கு மேல் உட்கார்ந்து படிக்கிறேன்.