தரங்கம்பாடியில் ஒரு திண்ணை வேண்டும்

தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் டேனிஷ்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்கு வந்திறங்கிய இடத்து நினைவுச் சின்னம், வறுத்த மீன், ஊர் திரும்பல். நானும் இரண்டு தடவை அப்படித்தான் போய் வந்தேன். மூன்றாவது தடவை அந்த நினைவுக் கல்லின் முன் நின்றபோது லேசாக எரிச்சல் வந்தது.

சீகன்பால்கு மீது எரிச்சல் இல்லை. 1706 ஜூலை 9-ல் சக மதபோதகர் புளூட்சோவுடன் இங்கே இறங்கிய அந்த ஜெர்மன் இளைஞர் செய்த முதல் நல்ல காரியம், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் 'அ' எழுதியது. எழுபது வயது வாத்தியார் ஒருவர் தன் பள்ளிக்கூடத்தையே அவர் வீட்டுக்கு மாற்றிக்கொண்டு சொல்லிக் கொடுத்தார். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வந்ததென்றால் அதற்கு விதை அந்த மணல்தான். நடுவில் அவரைப் பிடித்துக் கோட்டையில் நான்கு மாதம் அடைத்து வைத்தது நம்மூர் ராஜா இல்லை, டேனிஷ் தளபதியேதான்.

என் பிரச்சினை, கல் நட்டு நாம் கொண்டாடுவது அவர் 'வந்திறங்கியதை' என்பதுதான். கப்பலில் வந்த எவரும் எங்காவது இறங்கித்தான் ஆகவேண்டும், அதில் என்ன இருக்கிறது? அவர் இறங்கிய கரை வெறும் கரையும் இல்லை. கோட்டைக்குப் பக்கத்திலேயே மாசிலாமணி நாதர் கோயில் இருக்கிறது. குலசேகர பாண்டியன் காலத்தது, 1306. அங்குள்ள கல்வெட்டில் ஊர்ப்பெயர் சடங்கன்பாடி. டேனிஷ்காரர்கள் வர அப்போது இன்னும் முந்நூறு வருடம் இருந்தது. இன்று அந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கோட்டையோ டென்மார்க்காரர்களின் உதவியும் சேர்ந்து பளிச்சென்று நிற்கிறது. நிற்கட்டும், நல்லதுதான். ஆனால் கோயிலைத் திரும்பிப் பார்க்காமல் போகிறவர்கள்தான் அதிகம்.

கோட்டையும் பிடுங்கிய நிலத்தில் எழுந்ததல்ல. 1620-ல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கர், டேனிஷ் கடற்படைத் தலைவர் ஓவே ஜெட்டேவோடு ஒப்பந்தம் போட்டு, ஆண்டுக் கப்பம் பேசிக் கொடுத்த இடம். டென்மார்க் அரசருக்கு அவர் தங்கத் தகட்டில் அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. கடைசியில் 1845-ல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விற்றுவிட்டார்கள். வாங்கியது நாயக்கரிடம், விற்றது கம்பெனியிடம். ஊர்க்காரர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சிலையை எடு, பெயரை அழி என்று நான் சொல்லவில்லை, கமெண்டில் அந்தச் சண்டை வேண்டாம். இருக்கிற கல் இருக்கட்டும். பக்கத்தில் அந்த வாத்தியாருக்காக ஒரு திண்ணை கட்டுங்கள். பளிங்கு, மின்விளக்கு எதுவும் வேண்டாம். மேலே ஒரு கூரை, முன்னால் கொஞ்சம் மணல். வருகிற பிள்ளைகள் விரலால் எழுதிப் பார்க்கட்டும்.