எஃப்.பி.ஐ. தளத்தில் யாருடைய குற்றப் பதிவையும் பார்க்க முடியுமா?

"டெக்சாஸ் கிராமத்தில் வீடு பார்க்கிறீர்களா? பக்கத்து வீட்டுக்காரர் பெயரை எஃப்.பி.ஐ. தளத்தில் போட்டால் அவருடைய குற்ற வரலாறு முழுவதும் இலவசமாக வரும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அது தவறு.

எஃப்.பி.ஐ.யிடம் நீங்கள் கேட்டு வாங்கக்கூடியது உங்கள் சொந்தப் பதிவு மட்டும்தான். அதற்கும் கைரேகையும் கட்டணமும் வேண்டும்.

சரி, அடுத்தவருடையதை எங்கே பார்ப்பது? டெக்சாஸ் பொதுப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் சிறு கட்டணம் செலுத்திப் பெயரை வைத்துத் தேடலாம். வழக்கின் விவரம் வேண்டுமென்றால் அந்தந்தக் கவுண்டியின் (மாநிலத்துக்குள் இருக்கும் நிர்வாகப் பகுதி) நீதிமன்ற ஆவணங்களை வைத்திருக்கும் கிளார்க்கிடம் கேட்க வேண்டும். பெருங்குற்ற வழக்குகள் மாவட்ட நீதிமன்ற கிளார்க்கிடமும், சிறு குற்ற வழக்குகள் பெரும்பாலும் கவுண்டி கிளார்க்கிடமும் இருக்கும். 2020 கணக்கெடுப்பில் 64 பேரே இருந்த லவிங் போன்ற கவுண்டிகளில் இரண்டு வேலையையும் ஒருவரே பார்ப்பார். அங்கெல்லாம் ஒரு போன் போட்டுக் கேட்பதே நல்லது.

இன்னொன்று, ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். பிறந்த தேதியை ஒப்பிடாமல் யாரையும் குற்றவாளி என்று முடிவு கட்டாதீர்கள். அந்தச் செய்தி உங்களுக்கு வந்திருந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கும் இதைச் சொல்லுங்கள்.