வகுப்பறையின் கடைசிப் பாயில் நாற்பது நிமிடங்கள்

பெற்றோர் வந்து, பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் தலைமை ஆசிரியர் செய்தி போட்டிருந்தார். மகள் அங்கே மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவன், அரை நாள் விடுப்புக் கேட்டபோது, "பாப்பாவுக்கு என்ன, உடம்பு சரியில்லையா?" என்றுதான் செயலாளர் கேட்டார். பிள்ளைக்கு உடம்பு நன்றாக இருக்கும்போது, புகாரோ ஆண்டு விழாவோ இல்லாத ஒரு நாளில், தகப்பன் பள்ளிக்கூடம் போவது நம் ஊரில் அவ்வளவு அபூர்வம்.

போவதற்கு முந்தைய நாள் இரவு வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னேன். அவள் 35 என்று எழுதினாள். இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால், ஏழிலிருந்து இரண்டைக் கழித்து வைத்திருந்தாள். "பக்கத்து வீட்டில் கடன் வாங்கணும் என்று எத்தனை தடவை சொல்வது?" என்று கத்தினேன். அவள் எழுந்துபோய் ஒரு தென்னங்குச்சிக் கட்டை எடுத்து வந்தாள். மூன்றாவது படிக்கிறவளுக்குக் குச்சி எதற்கு என்று அதைப் பிடுங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன்.

மறுநாள் வகுப்பில், கடைசிப் பாயில் மற்ற ஆறு பெற்றோருடன் உட்கார்ந்து, அதே மாதிரிக் கணக்கை அவள் செய்வதைப் பார்த்தேன். தரையில் பத்துக் குச்சிகள் கொண்ட நான்கு கட்டுகளும் இரண்டு உதிரிக் குச்சிகளும் இருந்தன. ஏழு குச்சி எடுக்க வேண்டும், இருப்பதோ இரண்டு. சற்று நேரம் கையைக் கட்டிக்கொண்டு யோசித்தவள், ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றினாள். உதிரி பன்னிரண்டானது. அதில் ஏழை ஒதுக்கி வைத்து, மீதமிருந்த மூன்று கட்டுகளில் ஒன்றையும் தள்ளி வைத்துவிட்டு, "ரெண்டு கட்டு, அஞ்சு குச்சி, இருபத்தஞ்சு" என்றாள். டீச்சர் அந்த இடத்தில் "சரி" என்றுகூடச் சொல்லவில்லை. "எப்படி வந்தது, பக்கத்தில் இருக்கிறவளுக்குச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த குழுவுக்குப் போய்விட்டார்.

இருபது ஆண்டுகளாகக் கணக்கு எழுதும் நான், கடன் வாங்கிய அந்த 'ஒன்று' உண்மையில் பத்து என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். எனக்கு அது ஒரு சூத்திரமாக மட்டுமே கற்பிக்கப்பட்டது, நானும் அதையே அவள் தலையில் ஏற்றப் பார்த்திருக்கிறேன். பள்ளியில் பகலில் கட்டுவதை வீட்டில் இரவில் அவிழ்க்கிறோம் என்று ஆசிரியர்கள் சொல்லும்போது அதை ஒரு சாக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

தமிழ்நாட்டில் பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே இந்த இடைவெளி புதிதன்று. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், அதாவது பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு தாமே படிப்படியாகக் கற்கும் முறை, 2007-08இல் மாநிலம் முழுவதும் வந்தபோது, பிள்ளைகள் அட்டைகளை எடுத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்ததையும், ஆசிரியரும் தரையில் அமர்ந்ததையும் ஜன்னல் வழியாகப் பார்த்த பெற்றோர் பலர், "வாத்தியார் பாடமே நடத்துவதில்லை" என்று முடிவு கட்டினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். உள்ளே அழைத்து உட்கார வைத்திருந்தால், பாடங்களைப் படிகளாக வரிசைப்படுத்திய கற்றல் ஏணியில் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்பதைச் சிலராவது புரிந்துகொண்டிருப்பார்கள். தனியார் பள்ளி வேன் ஏறிய பிள்ளைகளில் கொஞ்சம் பேராவது ஊரிலேயே இருந்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

கொரோனா கால இடைவெளிக்குப் பிறகு அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்பிக்க 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைகள் உண்டு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துகள் தடுமாறினால், அது அரும்பு நிலையிலிருந்து தொடங்கும். அன்று வந்திருந்த ஓர் அம்மாவுக்குத் தன் மகன் அரும்பில் இருப்பது அங்கேதான் தெரிந்தது. முகம் வாடிப்போய், "இவனை ஒண்ணாம் கிளாஸில் இறக்கிவிட்டீர்களா டீச்சர்?" என்று கேட்டார். டீச்சர் அவனுடைய ஜூன் மாதப் பயிற்சி நூலையும் இந்த மாதத்து நூலையும் எடுத்து அருகருகே விரித்து வைத்தார். முதலாவதில் எழுத்துகள் கோட்டைத் தாண்டி நான்கு பக்கமும் ஓடின. இரண்டாவதில் 'மரம்', 'படம்' என்று சொற்களாக நின்றன. அந்த அம்மா இரண்டையும் மாறி மாறித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடுவதற்காக மட்டும் அவர் வந்திருந்தால் இது நடந்திருக்காது.

சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது அதன் முதல் வேலை. பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைப் பெற்றோரிடம் தவறாமல் சொல்வதை ஆசிரியரின் கடமையாகவும் அச்சட்டம் வைத்திருக்கிறது. ஆனால் எங்கள் குழுக் கூட்டங்களில் சுற்றுச்சுவரும் கழிப்பறையும் குடிநீர்த் தொட்டியும் பேசி முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. அவை வேண்டியவைதான். அவற்றுக்கு நடுவே, பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா என்ற பேச்சு எழுவதே இல்லை.

ஆசிரியர்களின் தயக்கத்தையும் ஒதுக்கிவிட முடியாது. ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் சமாளிக்கும் ஈராசிரியர் பள்ளியில், பின்னால் பத்துப் பேர் உட்கார்ந்து நோட்டம் விட்டால் அது இன்னோர் ஆய்வுதான். நாங்களும் ஒழுங்காக நடந்துகொள்ளவில்லை. ஒருவர் கைப்பேசியில் படம் பிடித்தார். டீச்சர் நிறுத்தச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு பாட்டி, பேத்தி திணறியபோதெல்லாம் "எட்டு, எட்டுன்னு சொல்லுடி" என்று கிசுகிசுத்தார். அதன் பிறகு அந்தப் பிள்ளை குச்சியைப் பார்க்கவே இல்லை, பாட்டியின் வாயைத்தான் பார்த்தது. ஆகவே வருகிறவர்களுக்கு முதலில் ஐந்து நிமிடம் சொல்லிக்கொடுக்க வேண்டும்: பேசக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு வாசலில் நின்று பேசக் கூடாது. ஒரு நாளைக்கு நான்கைந்து பேருக்கு மேல் வேண்டாம்.

இன்னொரு சிக்கல் நேரம். எனக்கு விடுப்புக் கிடைத்தது. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களும் கட்டட வேலைக்குப் போகிறவர்களும் பகல் பதினொரு மணிக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும். அன்று வந்த ஏழு பேரில் அப்படிப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. காலை உணவு முடிந்ததும் முதல் பாடவேளையை மாதம் ஒரு நாள் இதற்கென்று வைத்தால், வேலைத்தளத்துக்குச் சற்றுத் தாமதமாகப் போக மேஸ்திரியிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று எங்கள் தெருவில் இரண்டு பேர் சொன்னார்கள். அதைத் தலைமை ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த குழுக் கூட்டத்தில் வைக்கலாம் என்றார்.

அன்று மாலை அலமாரியின் மேல்தட்டிலிருந்து குச்சிக் கட்டை எடுத்துக் கொடுத்தேன். அவள் எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒன்பதுதான் இருக்கு, நேத்து நீ பிடுங்கினப்ப ஒண்ணு ஒடிஞ்சுபோச்சுப்பா" என்றாள். கொல்லைப்புறம் போய்த் துடைப்பத்திலிருந்து ஒன்றை உருவி வந்தேன்.